குடியை வென்ற கூலித் தொழிலாளி

முன்னுரை

புனிதர்கள் என்றதும் நம் மனக்கண் முன் வருபவர்கள் யார்? லீலி மலர் ஏந்திய புனித சூசையப்பர், ரோஜா மலர்களை அணைத்து நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள், பாலகன் இயேசுவைக் கையில் தாங்கிய புனித அந்தோணியார். அவர்களுடைய சுரூபங்களுக்கு முன் முழந்தாளிடும்போது, இவர்கள் எங்கே, நாம் எங்கே என்ற ஏக்கம் நமக்கு வராமல் இருப்பதில்லை.

ஆனால் திருச்சபையால் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்ட ஒருவர், பன்னிரண்டு வயதிலேயே குடிக்கப் பழகியவர். பதினாறு ஆண்டுகள் மதுவுக்கு அடிமையாய்க் கிடந்தவர். குடிப்பதற்காகத் தம் காலணிகளையே அடகு வைத்தவர். ஓர் ஏழையின் பிழைப்பையே திருடியவர் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தாம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் வாழ்ந்த மாட் டால்பட். அவர் பெரிய நூல்கள் எழுதியவரல்லர், மடம் நிறுவியவரல்லர், மேடையேறிப் பேசியவருமல்லர். செங்கல்லும் மரமும் சுமந்து பிழைத்த ஒரு கூலித் தொழிலாளி. ஆயினும் அவர் இறந்து நூறாண்டுகள் கடந்த பின்னும், குடியிலிருந்து மீளத் துடிப்போர் பல நாடுகளில் அவர் பெயரைச் சொல்லிச் செபிக்கின்றனர்.

அவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுத நாம் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. சம்பள நாள் மாலையில், தகப்பனார் எப்போது வருவார் என்பதைவிட எப்படி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. எந்தப் பள்ளியிலும் உண்டு. நம் வகுப்பறைகளில் மட்டும் இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. அவர்கள் அதை எவரிடமும் சொல்வதில்லை. மறுநாள் காலை இரட்டைப் பின்னலிட்டு, ரிப்பன் கட்டி, செப நேரத்தில் நம்மோடு வரிசையில் வந்து நின்றுவிடுகிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

மாட் டால்பட் 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் டப்ளின் நகரின் வடபகுதியில் பிறந்தார். தந்தை சார்லஸ், தாய் எலிசபெத். இத்தம்பதியரின் பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். பிறந்த மூன்றாம் நாளே ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டி எடுத்திருந்தது. 1845ஆம் ஆண்டு தொடங்கிய அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போயினர். கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்த ஏழைகள் இடிந்த பழைய மாளிகைகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தனர். உழைத்துக் களைத்த ஆண்களுக்கு உட்கார்ந்து பேச வேறு இடமில்லை. வெளிச்சமும் கணப்பும் தோழமையும் கிடைத்த ஒரே இடம் தெருமுனை மதுக்கடை. மாட்டின் தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவரும் குடிப்பவர். மூத்த மகன் ஒருவரைத் தவிர மற்ற ஆண்பிள்ளைகளும் பின்னாளில் அப்படியே ஆயினர். குடும்பம் அடிக்கடி வீடு மாறியது. அத்தனை பேருக்கும் கஞ்சி வார்த்து, செபமாலை சொல்லிக் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் தாயார் எலிசபெத்.

கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் மாட் சிறிது காலம் படித்தார். படித்தார் என்பதைவிடப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது என்பதே பொருந்தும். பள்ளிக்குப் போன நாட்கள் குறைவு. பன்னிரண்டு வயதில் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது.

குடியின் பிடியில்

1868ஆம் ஆண்டு, சிறுவன் மாட் ஒரு மது வியாபாரியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பீரைப் புட்டிகளில் நிரப்பி அனுப்பும் இடம் அது. புட்டிகளில் எஞ்சியதைச் சிறுவர்களும் சுவைத்தனர். ஆண்டு ஒன்று முடிவதற்குள் அவன் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பினான். தந்தை நன்றாக அடித்து, தம் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று தாம் வேலை பார்த்த துறைமுகக் கிடங்குக்கே அழைத்துப் போனார். அங்கே இருந்ததோ பீரைவிடக் கடுமையான விஸ்கி! நோய்க்கு மருந்தென்று நஞ்சைக் கொடுத்தது போலாயிற்று.

பின்னர் மாட் கட்டட வேலையில் கொத்தனார்களுக்குச் சித்தாளானார். வேலையில் அவர் சோம்பேறி அல்லர். செங்கல் சுமப்பதில் அவருக்கு ஈடில்லை என்று பெயர் எடுத்தார். ஆனால் உழைத்த கூலி வீடு போய்ச் சேரவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே மதுக்கடைக்குப் போவார். தாமும் குடித்து, உடனிருப்போருக்கும் வாங்கிக் கொடுப்பார். இரண்டு மூன்று நாளில் கை காலியாகும். பிறகு கடன். கடன் கிடைக்காதபோது சட்டையும் காலணியும் அடகுக்குப் போகும். வெறுங்காலோடு வீடு திரும்பிய நாட்களும் உண்டு.

ஒருநாள் தோழர்களோடு சேர்ந்து அவர் செய்த செயல் அவரை ஆயுள் முழுதும் உறுத்தியது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலை எடுத்துச் சென்று விற்று, அந்தக் காசில் குடித்தார்கள். அந்த மனிதனுக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான்.

இத்தனை இழிவிலும் அவர் ஞாயிறு திருப்பலியை விட்டதில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் அவரை விட்டு வெகு தூரம் போயிருந்தன. தாயாரின் செபமாலை மட்டும் ஓயவில்லை.

அந்தச் சனிக்கிழமை

1884ஆம் ஆண்டு. மாட்டுக்கு வயது இருபத்தெட்டு. அந்த வாரம் முழுவதும் அவர் வேலைக்குப் போகவில்லை. கையில் காசில்லை. சனிக்கிழமை, கூலி வாங்கிய தோழர்கள் வருவார்கள், ஒருவராவது உள்ளே அழைத்துப் போவார் என்று நம்பி மதுக்கடை மூலையில் நின்றார். அவர்கள் வந்தார்கள், நலம் கேட்டார்கள், கடைக்குள் போய்விட்டார்கள். எத்தனை வாரங்கள் அவர் கூலியில் குடித்தவர்கள்! ஒருவரும் அவரை அழைக்கவில்லை.

மாட் அங்கே நின்று தம்மைப் பார்த்தார். தம் நண்பர்கள் எத்தகையவர்கள் என்பதோடு, தாம் எத்தகைய நிலைக்கு வந்துவிட்டோம் என்பதும் அப்போது தெரிந்தது. ஒரு கோப்பை மதுவுக்காகத் தெருவில் கையேந்தி நிற்கும் அடிமை தாம் என்று உணர்ந்தார். திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

இத்தனை சீக்கிரமாக, அதுவும் குடிக்காமல் மகன் வந்தது கண்டு தாயார் வியந்தார். குடிப்பதில்லை என்று வாக்குறுதி கொடுக்கப் போவதாக மகன் சொன்னார். தாயார் உடனே மகிழ்ந்து கூத்தாடவில்லை. காப்பாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே என்று சொல்லி, ஆசீர்வதித்து அனுப்பினார். கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு விளையாட்டல்ல என்பது அந்த ஏழைத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

மது அருந்துவதில்லை என்று குருவானவர் முன் வாக்குறுதி எடுப்பது அயர்லாந்தில் பழக்கமாயிருந்தது. கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மாத்யூ 1838ஆம் ஆண்டு கார்க் நகரில் தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் அவ்வாறு வாக்குறுதி எடுத்திருந்தனர். மாட் டால்பட் கிளான்லிஃப் திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய், பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு வாக்குறுதி எடுத்தார். மறுநாள் காலை, நெடுநாளைக்குப் பின் நற்கருணை உட்கொண்டார்.

மூன்று மாதப் போர்

கதையென்றால் இத்துடன் சுபம் என்று முடித்துவிடலாம். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. அந்த மூன்று மாதங்களும் மாட் பட்ட பாடு சொல்லி மாளாது. உடல் நடுங்கியது; நாவு வறண்டது. கெடு முடிந்ததும் மறுபடி குடிக்கப் போவதாகவே தாயாரிடம் அவர் சொன்னதுண்டு. வேலை விட்டதும் முன்பு மதுக்கடையில் கழிந்த மாலை நேரத்தை எங்கே கழிப்பது? நண்பர்கள் கண்ணில் படாமல் வெகு தூரம் நடந்து, ஏதேனும் ஓர் ஆலயத்துக்குள் போய் அமர்ந்துகொள்வார். கதவு பூட்டும் வரை அங்கேயே இருப்பார். முதலில் அது பக்தி என்பதைவிடப் புகலிடம் என்றே சொல்ல வேண்டும். புகலிடமே நாளடைவில் வீடாயிற்று.

ஒரு மாலை ஆசையை அடக்க முடியாமல் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தேவிட்டார். பையில் காசு இருந்தது. கடைக்காரரோ வேறு ஆட்களைக் கவனித்துக்கொண்டு இவரைக் கண்டுகொள்ளவில்லை. சற்று நேரம் நின்ற மாட் சினத்தோடு வெளியேறி, சேசு சபைக் குருக்களின் புனித சவேரியார் ஆலயத்துக்குப் போய் இரவு கதவடைக்கும் வரை செபித்தார். அன்றிலிருந்து பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று தீர்மானித்தார். தம் பலவீனத்தை நன்கறிந்தவர் செய்யும் காரியம் இது. தாம் திடமானவர் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. வாக்குறுதியை நீட்டினார், பின்னர் ஆயுள் முழுமைக்கும் எடுத்தார். புகையிலையையும் விட்டார். மதுவை விட்டதைவிட அது கடினமாயிருந்தது என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு.

பட்ட கடனைத் தீர்த்தல்

குடியை விட்டதோடு பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று அவர் இருந்துவிடவில்லை. எந்தெந்த மதுக்கடையில் கடன் வைத்திருந்தாரோ அங்கெல்லாம், சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தை உறையிலிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே நிற்காமல் உடனே திரும்பிவிடுவார்.

பிடில்காரரைத் தேடி டப்ளின் தெருக்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அந்த மனிதர் அகப்படவேயில்லை. இறுதியில் பிடிலின் விலையைக் கோயிலில் கொடுத்து, அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். சில தவறுகளை நாம் வருந்திய பின்பும் திருத்த முடியாமற் போகிறது. அதை அறிந்தவரின் துக்கம் அந்தத் திருப்பலியில் இருந்திருக்கும்.

தவ வாழ்வு

அதன் பின் நாற்பத்தொரு ஆண்டுகள் அவர் ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை. வெளிப்பார்வைக்கு அவர் வாழ்க்கையில் ஒன்றும் நிகழவில்லை. பிற்காலத்தில் ஒரு மரக்கிடங்கில் கூலி வேலை. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து செபம்; விடியுமுன் திருப்பலி; பிறகு வேலை; மாலையில் மறுபடி ஆலயம். படுக்க ஒரு பலகை. தலைக்கு ஒரு மரக்கட்டை. பெரும்பாலும் உலர்ந்த ரொட்டியும் கொக்கோ பானமும் உணவு. 1890ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். கிளான்லிஃப் குருமடத்துப் பேராசிரியரான குரு மைக்கேல் ஹிக்கி அவருக்கு ஞான ஆலோசகரானார்.

எழுத்துக் கூட்டி வாசித்த அவர் வேதாகமத்தையும் புனிதர்களின் சரித்திரங்களையும் புனித அகுஸ்தீனாரின் வரலாற்றையும் வாசித்தார். புரியாத இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் குருக்களிடம் கேட்பார். பள்ளிக்குப் போகாமல் ஒளிந்த பிள்ளை முப்பது வயதுக்கு மேல் மாணவரானார்! வீட்டுப் பாடத்துக்கே முகம் சுளிக்கும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த சந்நியாசியும் அல்லர். உடன் வேலை செய்தோரோடு சிரித்துப் பேசுவார். யாரேனும் ஆண்டவரின் திருப்பெயரைச் சாபச் சொல்லாக வீணில் உச்சரித்தால், கண்டித்துப் பேசாமல் தொப்பியை மட்டும் உயர்த்தி வணங்குவார். 1913ஆம் ஆண்டு டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை ஒடுக்கக் கதவடைப்புச் செய்தபோது, சங்க உறுப்பினரான அவரும் மற்றவர்களோடு வெளியே நின்றார். சங்கம் கொடுத்த உதவிப் பணத்தைப் பிள்ளைகுட்டி உள்ள தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

தந்தை 1899ஆம் ஆண்டு இறந்தபின், தாயாரைத் தம்மோடு வைத்துப் பேணினார். குடித்துவிட்டு மகன் வருவதைப் பார்த்துப் பார்த்து அழுத கண்கள், இரவில் விழித்தபோதெல்லாம் அவர் முழந்தாளிட்டிருப்பதைக் கண்டன. 1915ஆம் ஆண்டு அந்தத் தாய் அமைதியாகக் கண்மூடினார். ஆனால் சகோதரர்களைக் குடியிலிருந்து மீட்க மாட் முயன்றும், அவர்கள் செவி சாய்க்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஒருவர் திருந்திவிட்டார் என்பதற்காக வீடு முழுவதும் திருந்திவிடுவதில்லை.

இறுதி நாள்

1923ஆம் ஆண்டு முதல் இருதய நோயும் சிறுநீரக நோயும் அவரை வருத்தின. வேலைக்குப் போக முடியாத அந்த நாட்களிலும், சீனாவில் மறைபரப்பச் சென்ற குருக்களுக்குத் தம் பங்காக ஒரு பவுனும் தம் சகோதரியின் பங்காகப் பத்து ஷில்லிங்கும் அனுப்பி வைத்தார். அப்போது அவர் எழுதிய சில வரிக் கடிதம் இன்றும் காக்கப்பட்டிருக்கிறது.

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், மூவொரு கடவுளின் திருநாள் ஞாயிறு. திருப்பலிக்குப் போகும் வழியில் கிரான்பி சந்தில் அவர் விழுந்து உயிர் நீத்தார். வயது 69. அவர் யார் என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் உடைகளைக் களைந்தபோது, உடலில் சங்கிலிகள் சுற்றியிருப்பதைக் கண்டு திகைத்தனர். தேவமாதாவுக்குத் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுக்கும் பக்தியைப் புனித லூயிஸ் மோன்போர் போதித்திருந்தார். அதன் அடையாளமே அந்தச் சங்கிலி. மதுவின் கண்ணுக்குத் தெரியாத சங்கிலியில் பதினாறாண்டு கட்டுண்டவர், தேவதாயின் சங்கிலியைத் தாமே மனமுவந்து அணிந்துகொண்டார். இத்தகைய ஒறுத்தல் ஞானத் தந்தையின் வழிகாட்டுதலில் சிலருக்கு மட்டும் உரியது. நாம் பின்பற்ற வேண்டியது அதுவன்று, அதன் உள்ளே இருந்த அன்பையே.

ஒருவரும் அறியாமல் இறந்தவரின் புகழ் நாடெங்கும் பரவியது. 1931ஆம் ஆண்டு அவரைப் பற்றிய விசாரணையை டப்ளின் பேராயர் தொடங்கினார். 1972ஆம் ஆண்டு அவர் உடல் கிளாஸ்நெவின் கல்லறையிலிருந்து டப்ளின் நகரிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். 1978ஆம் ஆண்டு டப்ளின் லிஃபி ஆற்றின் மேல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டது.

பன்னிரண்டு படிகள்

மாட் டால்பட் இறந்து பத்தாண்டுகள் சென்றபின், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி வேலையாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியுற்றது. விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. உள்ளே போனால் மீள முடியாது என்று அஞ்சிய அவர், தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியோடு பேசினால்தான் பிழைப்போம் என்று எண்ணித் தொலைபேசியில் போதகர்களை அழைத்தார். அவ்வழியே டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். இருவருமாகத் தொடங்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். 1939ஆம் ஆண்டு வெளியான நூலில் அவர்களுடைய பன்னிரண்டு படிகள் அச்சாயின.

அப்படிகள் என்ன சொல்கின்றன? குடிக்கு முன் தமக்கு வலிமையில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தம்மிலும் பெரிய ஒரு வல்லமை தம்மை மீட்கும் என்று நம்பி, வாழ்வைக் கடவுளிடம் ஒப்படைக்க வேண்டும். மனச்சான்றைச் சோதித்துத் தவறுகளைக் கடவுளிடமும் மற்றொரு மனிதரிடமும் வெளியிட வேண்டும். தீங்கு இழைக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தயாரித்து, இயன்றவரை ஈடு செய்ய வேண்டும். நாள்தோறும் ஆன்ம சோதனையும் செபமும் வேண்டும். கடைசியாக, தாம் பெற்றதைத் துன்புறும் மற்றவருக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இப்போது மாட் டால்பட்டின் வாழ்வை மறுபடி பாருங்கள்! மதுக்கடை மூலையில் நின்று தம் அடிமைத்தனத்தை ஒப்புக்கொண்டது. குருமடத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தது. கடன்களை உறையிலிட்டுக் கொடுத்தது. பிடில்காரரைத் தேடி அலைந்தது. நாள் தவறாமல் செபித்தது. அந்தப் படிகளை எவரும் எழுதுவதற்கு முன்பே டப்ளின் சித்தாள் ஒருவர் அவற்றில் ஏறியிருக்கிறார்.

இந்த இயக்கம் எந்த ஒரு சபைக்கும் சொந்தமானதன்று. தம் அறிவுக்கு எட்டியவாறு கடவுளை ஏற்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. ஆகவே கத்தோலிக்கர் இதில் சேரலாமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். எட்வர்டு டவ்லிங் என்ற சேசு சபைக் குரு இப்படிகளைப் படித்துவிட்டு, புனித இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சிகளோடு இவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று வியந்தார். 1940ஆம் ஆண்டு பில் வில்சனைத் தேடிச் சென்று இறுதிவரை அவருக்கு ஞான நண்பராயிருந்தார். திருவருட்சாதனங்களும் படிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மாட் டால்பட்டுக்கு ஒரு குருவானவரும் திறந்த ஆலயமும் கிடைத்தன. ஆனால் தம்மைப் போல் விழுந்தெழுந்தவரின் துணை கிடைத்ததாக அவர் வரலாற்றில் காணவில்லை. அந்தத் துணையை ஏ.ஏ. கூட்டம் தருகிறது. அந்தக் கூட்டம் தர முடியாத பாவமன்னிப்பையும் நற்கருணையையும் ஆலயம் தருகிறது. இரு கரமும் நீட்டிப் பிடித்துக்கொள்பவர் விழுவது அரிது.

பூ அறையில் ஒரு நோயாளி

இங்கே நம் அருட்சகோதரிகள் மகிழக்கூடிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஆக்ரன் நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் இக்னேஷியா. அவரும் அயர்லாந்தில் 1889ஆம் ஆண்டு பிறந்தவரே. அக்காலத்தில் மருத்துவமனைகள் குடிகாரர்களை ஏற்பதில்லை. 1939ஆம் ஆண்டு டாக்டர் பாப் கேட்டுக்கொண்டபோது, சிஸ்டர் ஒரு குடிநோயாளியை வயிற்று நோயாளி என்று பதிவு செய்து சேர்த்தார். மற்றவர் கண்ணில் படாதிருக்க, நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்குபடுத்தும் சிறு அறைக்குள் அவரது கட்டிலைத் தள்ளி வைத்தார். பூ அறையில் தொடங்கிய பணி ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்தது.

குணமாகிச் செல்வோரின் கையில் அவர் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நினைத்தால், முதல் மிடறு குடிப்பதற்கு முன் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மாட் டால்பட் பையில் காசு வைக்காமல் நடந்தார். இவர்கள் பையில் திரு இருதயத்தோடு நடந்தார்கள். சிஸ்டர் இக்னேஷியா 1966ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

குடி ஒரு நோய் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். செபம் இருக்க மருத்துவம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பது இன்று எல்லா மருத்துவருக்கும் தெரியும். ஆகையால் மருத்துவர், கூட்டம், ஆலயம் ஆகிய மூன்றும் சேர்வதே நல்ல வழி.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

குடிப்பவரின் குடும்பமும் நோயுறுகிறது என்பதைப் பில் வில்சனின் மனைவி லோயிஸ் கண்டார். 1951ஆம் ஆண்டு குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற அமைப்பு தோன்ற அவர் காரணமானார். 1957ஆம் ஆண்டு நம் வயதுப் பிள்ளைகளுக்கென அலட்டீன் என்ற கூட்டமும் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: தகப்பனாரின் குடிக்குத் தாங்கள் காரணமல்லர்; அதை அடக்குவதும் குணமாக்குவதும் தங்கள் கையில் இல்லை.

இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். நான் நன்றாகப் படித்தால் அப்பா குடிக்கமாட்டார், நான் எதிர்த்துப் பேசாதிருந்தால் வீட்டில் சண்டை வராது என்று தனக்குள் கணக்குப் போடும் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! நாணப்பட வேண்டியது அப்பிள்ளை அல்ல. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியையிடமோ சகோதரியிடமோ சொல்லிவிடுவது குடும்ப மானத்தைக் கெடுப்பதாகாது. சுமையைத் தனியே சுமக்க வேண்டுமென்று ஆண்டவர் எவரையும் கேட்பதில்லை; அவருடைய சிலுவைக்கே சீமோன் ஒருவர் தோள் கொடுத்தார்.

முடிவுரை

அன்புத் தோழியரே! மாட் டால்பட் ஒரே நாளில் புனிதராகிவிடவில்லை. மூன்று மாதம் மட்டும் என்று தொடங்கி, ஒவ்வொரு மாலையாகக் கடந்து, நாற்பத்தொரு ஆண்டுகளைச் சேர்த்தார். தம்மால் முடியாது என்று ஒப்புக்கொண்ட நாளே அவர் வெல்லத் தொடங்கிய நாள். குடிக்கு மட்டுமன்றி, பொய்க்கும் கோபத்துக்கும் சோம்பலுக்கும் அடிமைப்பட்ட நமக்கும் அவர் வழி பொருந்தும்.

குடிப்பவரைக் கண்டால் ஏளனமாகச் சிரித்து ஒதுங்கிப் போகிறோம். பாதையோரம் விழுந்து கிடக்கும் அந்த மனிதர் ஒரு தாய்க்கு மகன். ஒருவேளை நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழிக்குத் தகப்பன். அவருக்காக ஓர் அருள் நிறை மந்திரம் சொல்வோம். தோழி என்றேனும் வாய் திறந்தால், அவள் சொன்னதை வகுப்புக்கெல்லாம் பரப்பாமல் காதால் கேட்டு, கையைப் பிடித்துக்கொள்வோம்.

வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும், அந்த வாசலுக்குத் தெளிந்த நடையோடு திரும்பிவர விரும்பும் எல்லாத் தகப்பன்மாருக்காகவும் வணக்கத்துக்குரிய மாட் டால்பட்டின் மன்றாட்டை நாடுவோம்.

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு